புள்ளத்தாச்சி மாத்திரை

நுரையீரல் புற்றுநோய்க்குக் கூட்டு மருந்து கொடுத்துப் பார்த்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்குவார்கள். பாஸ்டன், பெதஸ்தா, நியூயார்க் என்று ஊர்ப்பெயர்கள் வரும். ஃபார்பர், ஃப்ரை, ஃப்ரைரைக் என்று ஆண்களின் பெயர்கள் வரும். நான் திருவல்லிக்கேணியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1931இல் அங்கே சோகை பிடித்து வெளுத்துப் படுத்திருந்த கர்ப்பிணிகளின் பெயர், நான் படித்த எந்த நூலிலும் இல்லை. ஆனால் இன்று நுரையீரல் புற்றுநோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்துகளில் ஒன்று அந்தப் பெண்களின் ரத்தத்தைத் தொட்டு வந்தது. திருக்குறளில் 'பெண்வழிச் சேறல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. பெண்ணின் சொல்வழி நடக்கிறவனைப் பழிக்கிற அதிகாரம். அதை நடத்தும்போதெல்லாம் என் மாணவிகள் முகம் சுளிப்பார்கள். மருத்துவம் பெண்வழியே சென்ற கதை ஒன்றை அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் இன்றைய மருந்து. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2016க்கும் 2018க்கும் இடையே ஒரு சோதனை நடந்தது. முன்னின்று நடத்தியவர்களில் வனிதா நொரோனா என்ற பெண் மருத்துவர் முக்கியமானவர். முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 350 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருடைய கட்டியிலும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மாத்திரை மட்டும். மறு பாதிக்கு அதே மாத்திரையோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற இரண்டு ஊசி மருந்துகளும். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த காலம் நடுமதிப்பில் 8 மாதம். கூட்டு மருந்து பெற்றவர்களுக்கு 16 மாதம்.

8 மாதம் என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். குறுவைக்கு நாற்று விடுவதிலிருந்து சம்பா அறுத்துக் களம் சேர்ப்பது வரை. 16 மாதம் என்றால் கோடை கழித்து அடுத்த ஆண்டுக் குறுவையையும் பார்க்கலாம். ஆனால் அது சும்மா கிடைத்த குறுவை இல்லை. கடுமையான பக்கவிளைவு கூட்டு மருந்துக் குழுவில் 51 விழுக்காட்டினருக்கு வந்தது. மாத்திரைக் குழுவில் 25 விழுக்காடு. உயிரோடிருந்த காலத்தின் நடுமதிப்பு மாத்திரைக் குழுவில் 17 மாதம். கூட்டு மருந்துக் குழுவில் கணக்கிட்ட நேரத்தில் பாதிப் பேருக்கு மேல் உயிரோடு இருந்ததால் அந்த எண்ணை எழுதவே முடியவில்லை. ஜப்பானில் நடந்த இதே மாதிரியான சோதனையும் ஏறத்தாழ இதையே சொன்னது.

இந்த பெமெட்ரெக்செட் போடுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடவேண்டும். கூடவே ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி. என் பெரியம்மாவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன். பெரியம்மா வாழ்நாளில் ஒரு சுருட்டையோ பீடியையோ தொட்டவர் இல்லை. ஆறு மாதம் இருமலுக்குக் காசநோய் மாத்திரை விழுங்கவைத்து, எலும்பும் தோலுமான பிறகே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏண்டி, இது புள்ளத்தாச்சி மாத்திரையில்ல? அறுவத்திரெண்டு வயசுல எனக்கு எதுக்குடி இது?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். படித்தாரே தவிரப் பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார். இந்தியாவில் கர்ப்பிணிகள் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள் என்று மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் அழைத்ததால் 1928இல் வில்ஸ் பம்பாய் வந்தார். ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒருவகைச் சோகை வந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் ஊதிப் பெருத்திருக்கும். இரும்புச் சத்து கொடுத்தால் மாறாது. கிருமி என்று நினைத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. வில்ஸ் அவர்களுடைய சாப்பாட்டைப் பார்த்தார். எவ்வளவு வறிய சாப்பாடோ அவ்வளவு மோசமான சோகை.

1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து எலிகளுக்கு அந்தப் பெண்களின் உணவையே கொடுத்துப் பார்த்தார். 1931இல் சென்னையில், அப்போது 'சாதி, கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைக்கப்பட்ட இடத்தில் வேலை செய்தார். மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை. பழைய பெயரைக் கொஞ்சம் நின்று வாசிக்கவேண்டும். சாதி இந்துப் பெண்களும் கோஷாவில் இருந்த முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவரிடம் வரமாட்டார்கள் என்பதற்காகக் கட்டியது. சாதி என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்த ஆஸ்பத்திரி. மருத்துவத்தில் பெண்களுக்குத் திறந்த முதல் கதவுகளில் ஒன்று, எல்லாப் பெண்களுக்கும் திறந்ததாகத் தன் பெயரில்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஈஸ்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற பசை இந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று வில்ஸ் கண்டார். இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்கிற மலிவான பண்டம் அது. படுத்த படுக்கையாகக் கிடந்த கர்ப்பிணிகள் சில நாட்களில் பசிக்கிறது என்றார்கள், எழுந்து உட்கார்ந்தார்கள். 1931இல் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பசையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். பத்தாண்டு கழித்து 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையை அரைத்து அந்தப் பொருளைப் பிரித்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸின் பெயர் போயிற்று. கர்ப்பிணிகளின் பெயர் முதலிலேயே இல்லை.

நான்கு டன் கீரை என்று படித்தபோது எங்கள் ஊர் வரப்புகள்தான் நினைவுக்கு வந்தன. களை எடுக்கப் போகிற பெண்கள் பொன்னாங்கண்ணியும் பண்ணைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கூலி நெல்லுக்கு மேலே அது அவர்களுடைய சம்பாத்தியம். வெள்ளை அரிசியில் இல்லாதது அந்த மடியில் இருந்தது. களைக்கொல்லி வந்த பிறகு வரப்புக் கீரையைத் தின்னப் பயப்படுகிறார்கள். இன்று தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சோகையோடு இருக்கிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நெல் விளைகிற மண்ணும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

ஃபோலிக் அமிலம் உடலில் என்ன செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். வேகமாகப் பிரிகிற செல்லுக்கு அதிகம் வேண்டும். வயிற்றில் வளர்கிற பிள்ளைக்கு, ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜைக்கு, புற்றுநோய்க்கட்டிக்கு. ஒரே சத்துக்குத்தான் சிசுவும் கட்டியும் போட்டியிடுகின்றன.

எல்லப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லே கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கினார். அவருடைய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் அந்த வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தோன்றியது. அப்படியென்றால் ஃபோலிக் அமிலம் போலவே இருந்து, செல்லை ஏமாற்றி, வேலையை மட்டும் செய்யாத ஒரு போலிப் பொருள் வேண்டும். அந்தப் போலியை, அமினாப்டெரினை, அதே கூடத்தில் செய்து முடித்தவர் டோரிஸ் சீகர் என்ற பெண் வேதியியலர். 1947இல் வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. சுப்பாராவைப் பற்றி நம்மூரில் நிறையப் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். சீகரைப் பற்றி யாராவது பேசிக் கேட்டதுண்டா? 1948இல் ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்ததாகவும் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாகவும் எழுதினார். அமினாப்டெரினின் தம்பிதான் மெதோட்ரெக்சேட். அதை மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்கு எதிராகக் கொடுத்துப் பலன் உண்டு என்று 1951இல் காட்டியவர் ஜேன் ரைட் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர்.

இதே மருந்து 1956இல் இன்னொரு அதிசயம் செய்தது. நம்மூரில் 'முத்துப்பிள்ளை' என்பார்கள். கர்ப்பம் என்று நினைத்திருக்க, உள்ளே சிசு இல்லாமல் திராட்சைக் கொத்துப் போலக் கொப்புளங்கள் வளரும். சில பெண்களுக்கு அது புற்றாகி நுரையீரல் வரை பரவும். அப்படிப் பரவிய பெண்களுக்கு மின் சியு லீயும் ராய் ஹெர்ட்சும் மெதோட்ரெக்சேட் கொடுத்தார்கள். நுரையீரல் படத்தில் இருந்த புள்ளிகள் மறைந்தன. மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டிப் புற்றுநோய் இது. கர்ப்பிணிகளின் சோகையில் தொடங்கியது, கர்ப்பத்தில் விளைந்த புற்றில் போய் நின்றது. மருந்தியல் பாடப்புத்தகம் இந்த இரண்டையும் வேறு வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கிறது.

ஒரு மருந்து போதாது, பல மருந்து சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் புற்றுநோய்க்காரர்களுக்குக் காசநோயிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது. இன்னொன்றோடு சேர்த்தால் தப்பிக்க வழி இல்லை. இந்தக் காசநோய்ப் பாடத்தில் சென்னைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை நெருக்கடியான வீடுகளிலேயே விட்டார்கள். இரண்டு பக்கமும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ் என்ற இரு மருந்துகள், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959இல் முடிவு வந்தது. உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னைச் சோதனை ஒரு காரணம்.

பெண்ணுக்கு இது விடுதலை. ஓராண்டு சானடோரியத்தில் கிடந்து திரும்பினால் வீட்டில் தன் இடத்தில் இன்னொருத்தி இருப்பாளோ என்று பயந்தவர்கள் எத்தனை பேர். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டுச் சிகிச்சை மலிவானது என்று கணக்குப் போட்டவர்கள், வீட்டில் கஞ்சி காய்ச்சியவள், சளிக் கிண்ணம் கழுவியவள், நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் ஆகியோரின் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காசநோயிலிருந்து பாடம் படித்தவர்கள் 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்து 'வாம்ப்' என்று பெயர். அந்த நான்கில் மெதோட்ரெக்சேட் சீகரின் கை பட்டது. மெர்காப்டோபியூரின் ஜெர்ட்ரூட் எலியன் உருவாக்கியது. முனைவர் பட்டமே இல்லாமல் 1988இல் நோபல் பரிசு பெற்ற பெண். வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வந்தது.

நித்தியகல்யாணிக்குத் தஞ்சைப் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். நித்தமும் கல்யாணக் கோலத்தில் இருப்பவளையும் சுடுகாட்டில் நிற்பவளையும் ஒரே செடிக்குள் வைத்த மொழி நம்முடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்கு வேறு வாழ்க்கை கிடையாது என்று நினைத்தார்களோ என்னவோ. தண்ணீர் ஊற்றாமலே வளரும், ஆடு மாடு கடிக்காது, அவ்வளவு கசப்பு. சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிற வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஜமைக்காவிலிருந்து அப்படி வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்தன. 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அடுத்து எலி லில்லி கம்பெனி வின்கிரிஸ்டினைக் கண்டது. ஒரு கிராம் எடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். இந்தியாவிலிருந்து இலையும் வேரும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின.

நுரையீரல் புற்றில் மிகவும் மூர்க்கமானது சிறுசெல் வகை. சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டிலிருந்து நான்கு மாதம். 1970களில் இதற்கெதிராக மூன்று மருந்துக் கூட்டு ஒன்று வழக்கத்துக்கு வந்தது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், அவற்றோடு நம் சுடுகாட்டு மல்லியின் வின்கிரிஸ்டின். கட்டி வேகமாகக் கரையும். மருத்துவர்களே நம்பமுடியாமல் பார்க்கிற அளவுக்குக் கரையும். சில மாதங்களில் திரும்பி வரும், வந்தால் மருந்துக்குப் பணியாது. பிறகு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு என்ற இரட்டை மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. முப்பது ஆண்டுகள் எத்தனையோ மருந்தைச் சேர்த்தும் மாற்றியும் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் அசையவில்லை. 2018இல் நோயெதிர்ப்பைத் தூண்டும் அட்டெசோலிசுமாப் என்ற மருந்தைக் கார்போபிளாட்டின், எட்டோபோசைடோடு சேர்த்தபோது உயிர்வாழும் காலம் நடுமதிப்பில் 10.3 மாதத்திலிருந்து 12.3 ஆனது. இரண்டு மாதம். நிபுணர்கள் மேடையில் இதைக் கொண்டாடியது நியாயம். அந்த மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு குத்தகை விவசாயியின் மனைவி வேண்டாம் என்று சொல்வாளானால் அதுவும் நியாயம்தான். அவளிடம் அதைக் கேட்பார்களா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க் கூட்டு மருந்துச் சோதனைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் டெல்டாவின் தெற்கு வாசலில், புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த ஒரு பெண். முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள். மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றில் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்திருந்தார்கள். மருத்துவரின் வீட்டிலேயே ஒரு பெண்ணின் நோய் அவ்வளவு தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தத் துக்கம் அவரை விடவில்லை. இந்தியப் பெண்கள் சங்கத்தின் வழியாகப் பணம் திரட்டி 1954 ஜூன் 18 அன்று அடையாறில் புற்றுநோய் நிறுவனத்தைத் திறந்தார். 12 படுக்கை, கொட்டகை. தேவதாசி ஒழிப்பு விவாதத்தில் முத்துலட்சுமியின் நிலைப்பாட்டை விமர்சிக்கப் பெண்ணியர்களான நமக்கு நிறையக் காரணம் இருக்கிறது. அந்தக் கொட்டகையின் முன்னால் எனக்கு விமர்சனம் எதுவும் வரவில்லை.

1955இல் அங்கே சேர்ந்த வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. 1980களில் அடையாறு, டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு, ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு கூட்டு மருந்துத் திட்டத்தை வகுத்தன. எம்.சி.பி-841 என்று பெயர். வெளிநாட்டுத் திட்டத்தை அப்படியே இறக்கினால் நம் குழந்தைகள் ஊட்டமின்மையாலும் தொற்றாலும் மருந்தின் நஞ்சு தாங்காமல் இறப்பார்கள் என்பதால், இங்கே தாங்கக்கூடிய அளவில் அமைத்தார்கள். அதுவரை ஐந்தில் ஒருவர்கூடப் பிழைக்காத நோயில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். உடம்புக்கு ஏற்ற மருந்து என்பதைவிட ஊருக்கு ஏற்ற மருந்து என்று சொல்லவேண்டும்.

இப்போது பெரியம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். பெமெட்ரெக்செட்டும் ஃபோலிக் அமிலத்தின் போலிதான். பிரின்ஸ்டனில் எட்வர்ட் டெய்லர் பட்டாம்பூச்சி இறகு நிறமிகளின் வேதியியலில் தொடங்கி அந்த வழியே இதைச் செய்தார். நுரையீரல் உறைப் புற்றுக்குச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்து இதைச் சோதித்தபோது, தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் சிலர் மருந்தின் நஞ்சாலேயே இறந்தார்கள். யார் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று பார்த்தால், உடலில் ஏற்கெனவே ஃபோலேட் குறைந்திருந்தவர்கள். 1999 இறுதியில் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றி, எல்லோருக்கும் ஃபோலிக் அமிலமும் பி12உம் கொடுத்தார்கள். நஞ்சு குறைந்தது, பலன் குறையவில்லை. 2003இல் முடிவு வந்தது: 9.3 மாதம் என்றிருந்தது 12.1 மாதம் ஆனது. தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பது அதிலிருந்து வந்த விதி. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு இருப்பது 500 மைக்ரோகிராம். பெரியம்மா சரியாகத்தான் அடையாளம் கண்டார். லூசி வில்ஸ் பார்த்த கர்ப்பிணிகளுக்கு எது குறைந்திருந்ததோ அதுதான் அவருக்கும் தேவைப்பட்டது.

இனி, யார் இந்தச் சோதனைகளுக்குள் வருகிறார்கள்? புகைக்காத ஆசியப் பெண்களிடம் இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் கூடுதலாக உண்டு. ஆகவே அந்த மருந்துகள் பெண்ணுடலுக்கு மிக நெருக்கமானவை. புகைக்காத பெண் என்றும் முழுசாகச் சொல்லமுடியாது. தென்னை மட்டையும் வரட்டியும் கருவேல முள்ளும் எரித்து, அண்டா அண்டாவாக நெல் அவித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் நம் அம்மாக்கள். விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

ஆனால் சோதனையின் வாசலில் ஒரு சல்லடை உண்டு. பல சோதனைகளில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் சேர்க்கமாட்டார்கள். பாதிப் பெண்கள் சோகையோடிருக்கும் ஊரில் அந்தச் சல்லடையில் தங்குவது யார்? இன்னொன்று நோயாளியின் செயல்திறனுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல். லேசான வீட்டு வேலையோ அலுவலக வேலையோ செய்ய முடிந்தால் 1. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் இருந்தால் 3. சாகிற நாள் வரை அடுப்படியை விட்டு நகராத பெண்ணுக்கு இந்தக் கோல் என்ன மதிப்பெண் போடும்? அவள் படுக்காதது உடம்பில் தெம்பு இருப்பதாலா? வீட்டு வேலையை லேசான வேலை என்று எழுதியவர் ஒருநாள் கூட்டுக்குடும்பத்துக்கு மாவாட்டிப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் 1977இல் வந்த ஒரு வழிகாட்டுதல் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கியது. 1993இல்தான் அதைத் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆண் உடம்பைப் பார்த்து அளந்த அளவுகளைப் பெண்களும் விழுங்கினார்கள்.

விலக்குவது ஒரு வகை. சேர்த்துக்கொண்டு ஒன்றும் தராமல் இருப்பது இன்னொரு வகை. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய இடங்களில் கருப்பைவாய்ப் புற்றை எளிய முறையில் கண்டறியும் சோதனைகள் நடந்தன. திண்டுக்கல்லில் சோதிக்கப்பட்ட பெண்களிடையே இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் வெளிவந்தது. நல்ல செய்திதான். ஆனால் மூன்று இடங்களிலும் ஒப்பீட்டுக் குழு என்று ஒதுக்கி, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் கவனித்துவந்த பெண்கள் ஏறத்தாழ 1,38,000 பேர். அவர்களில் 254 பேர் அந்தப் புற்றால் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பு அவர்களுக்குக் கிடைத்தது என்று நியாயம் சொன்னார்கள். கிராமத்துப் பெண்ணுக்கு வழக்கமான கவனிப்பு என்பது கவனிப்பே இல்லாததுதான்.

சோதனைக்கு ஒப்புதல் வாங்கும் தாள் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும் என்பது விதி. 2019இல் வந்த புதிய மருந்துகள் பற்றிய விதிகளும் அதைச் சொல்கின்றன. முதுகலை மாணவிகளுக்கு மொழிபெயர்ப்புப் பாடத்தில் ஒருமுறை அப்படியொரு தமிழ்த் தாளைக் கொடுத்தேன். 'சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுள் ஒன்றிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்றிருந்தது. பிழையில்லாத தமிழ். ஒரத்தநாட்டுப் பக்கம் நடவுக்குப் போகிற தன் அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டு வந்த மாணவி, அம்மாவுக்கு ஏதோ அரசாங்க இடஒதுக்கீடு என்று தோன்றியதாகச் சொன்னாள். வேறு சொல் தேடினோம். குலுக்குச் சீட்டு என்றாள் ஒருத்தி. பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பது. டாக்டர் கையிலும் இல்லை, உன் கையிலும் இல்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று, எழுதியும் கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து அந்த நடவுக்காரம்மாவின் மகள்தான் எழுந்தாள். "சீட்டுல இந்த மாசம் விழலைன்னா அடுத்த மாசம் விழும் மேடம். கடைசில எல்லாருக்கும் ஒருதடவ பணம் வந்துரும். இதுல விழாதவங்களுக்கு எப்ப வரும்னு தாள்ல எங்க எழுதியிருக்கு?"

தாளை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம்.